குண்டு வாத்தியாரின் கக்கத்தில் இருந்தது

"மூணாவது காட்சி முடியுற இடத்துல வாத்தியாரைச் சுடுறாங்க. வெள்ளைச் சட்டை. இந்த இடத்துல ரத்தம் வரணும்" என்று இயக்குநர் அக்கா தன் இடது தோளுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். 2014 பிப்ரவரி. ஒத்திகை, குரோம்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலம் இந்த நாடகக் குழுவில் ப்ராப்பர்ட்டி பொறுப்பு. கூஜா, கைத்தடி, லாந்தர், பழைய டைப்ரைட்டர் என்று எதைக் கேட்டாலும் எங்கிருந்தாவது தேடிப்பிடித்துக் கொண்டு வருவேன், நாடகம் முடிந்ததும் உடையாமல் திருப்பிக் கொடுப்பேன். ரத்தம் அதுவரை என் பட்டியலில் இருந்ததில்லை.

"சரிக்கா, ஒரு வாரம் குடுங்க" என்றேன். ஆறு வாரம் ஆனது.

முதலில் நிறத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சிவப்புத் தண்ணீர் என்றால் ஆரத்திதான். மஞ்சள் தூளைக் கரைத்துக் கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்தால் போதும், பார்க்க அசல் ரத்தம். ஒரு பழைய சட்டையில் ஊற்றிப் பார்த்தேன். ஈரமாக இருந்தவரை பரவாயில்லை. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மாடியில் நடந்ததும் கக்கத்துப் பக்கமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பின் காரத்தால். வியர்வையின் புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். மேடை விளக்குக்குக் கீழே நின்று வியர்க்காத நடிகரைச் சென்னையில் எங்கே தேடுவது? போதாததற்குச் சுண்ணாம்பு தோலையும் அரிக்கும். அடுத்து பீட்ரூட். அது எந்தச் சட்டையில் பட்டாலும் பீட்ரூட்டாகவேதான் தெரிந்தது. குங்குமத்தைக் கரைத்தால் பத்து நிமிடத்தில் அடியில் தங்கிவிட்டது.

அமெரிக்க சினிமாவில் இதையெல்லாம் எப்போதோ பட்டுத் தெளிந்துவிட்டார்கள். டிக் ஸ்மித் என்ற ஒப்பனைக் கலைஞரின் ரத்தம் அந்தத் தொழிலில் பேர்போனது. மக்காச்சோளப் பாகு, உணவில் போடும் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். இவற்றோடு, ஃபிலிம் கழுவுகிறவர்கள் வைத்திருந்த ஃபோட்டோ-ஃப்ளோ என்ற திரவத்தையும் அவர் சேர்த்தார். அது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. என் பாகைச் சட்டையில் ஊற்றிய பிறகுதான் விளங்கியது. வெறும் பாகு துணியில் ஊறாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி மேலேயே உருண்டு நிற்கும். ரத்தம் என்றால் துணி அதை உடனே குடித்துப் பரவ வேண்டும். அந்தத் திரவம் துணியைக் குடிக்க வைக்கிறது. ஆனால் அது விஷம். வாயில் வைக்கிற ரத்தத்தில் சேர்க்கவே கூடாது.

நான் பேக்கரிச் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் வாங்கினேன். கேசரிக்குப் போடும் சிவப்பு, ஒரு சொட்டு நீலம், இல்லாவிட்டால் ஜாம் மாதிரி இருக்கும். ஒளி ஊடுருவாமல் இருக்க அரை ஸ்பூன் கோகோ தூள். ஃபோட்டோ-ஃப்ளோவுக்குப் பதில் பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு சொட்டு. இது பிரமாதமாக வேலை செய்தது. ஒரு லாபமும் உண்டு: சட்டை சுலபமாக வெளுக்கும்.

எறும்பை மட்டும் நான் யோசிக்கவில்லை. ரத்தச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. வாத்தியாராக நடித்தவர் தபால் துறையில் இருந்தவர், எங்கள் எல்லாரையும் விட மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். சுடப்பட்ட பிறகு அவர் மேடையில் 11 நிமிடம் பிணமாகக் கிடக்க வேண்டும். "தம்பி, நான் செத்தா மாதிரி நடிப்பேன். எறும்பு கடிச்சா செத்தா மாதிரி நடிக்க முடியாது" என்றார். நியாயம்தானே. ஒவ்வொரு காட்சிக்கும் புது ரத்தம், துவைத்த சட்டை, மேடையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைப்பது என்று அன்றைக்கே முடிவானது.

சரி, ரத்தம் வந்தாயிற்று. அதை நெஞ்சில் எப்படி வரவைப்பது?

அதற்கு இரண்டு வருடம் முன்பு திண்டிவனம் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையில் நடந்த படப்பிடிப்பில், கலை இயக்குநரின் உதவியாளருக்கு உதவியாளனாக நாலு நாள் போயிருந்தேன். அங்கே ஒரு ஃபைட்டருக்குக் குண்டு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பனியனுக்கு மேல் தடித்த தோல் ஒன்று. அதன்மேல் உள்ளங்கையை விடச் சின்னதாக ஒரு உலோகத் தகடு. தகட்டில் புளியங்கொட்டை அளவு வெடிமருந்து, அதற்கு மேல் சின்ன ரத்தப் பை, எல்லாவற்றையும் சுற்றிப் பிளாஸ்திரி. இரண்டு மெல்லிய ஒயர்கள் வயிற்றோடு இறங்கி, பேண்ட்டுக்குள் ஓடி, ஷூவுக்குப் பக்கத்தில் வெளியே வந்து, பதினைந்து அடி தள்ளியிருந்த பேட்டரிப் பெட்டிக்குப் போயின. பெட்டியோடு ஒயரைச் சேர்க்கும் கனெக்டரை, வெடியைக் கட்டிய பெரியவர் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கேமரா தயார், எல்லாரும் தள்ளி நின்றாயிற்று என்ற பிறகுதான் வெளியே எடுத்தார். இந்தச் சின்ன வெடிக்கு ஆங்கிலத்தில் ஸ்குவிப் என்று பேர். அந்தச் சொல்லே பழைய நாளில் சின்னப் பட்டாசைக் குறித்ததுதான்.

மதியச் சாப்பாட்டில் அந்த ஃபைட்டரிடம் கேட்டேன். "அண்ணே, வலிக்குமா?"

"வலிக்காது தம்பி. யாரோ சுண்டிவிட்ட மாதிரி இருக்கும். ஆனா எப்ப சுண்டுவாங்கன்னு நமக்குத் தெரியாது பாருங்க, அதான் கஷ்டம்."

இந்தப் பதிலுக்குத் திரும்ப வருவேன்.

அன்று எனக்கு உறைக்காத ஒன்று, இரண்டு வருடம் கழித்து மாடியில் உட்கார்ந்து யோசித்தபோது உறைத்தது. சினிமாவில் குண்டு வெளியிலிருந்து வருவதே இல்லை. அது சுடப்படுகிறவரின் நெஞ்சிலேயே காத்துக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே பாய்கிறது. சட்டையில் விழும் ஓட்டையின் ஓரங்கள் வெளிப்பக்கம் மடிகின்றன. நிஜத்தில் அப்படி இல்லை. குண்டு நுழைகிற காயம் பெரும்பாலும் குண்டின் பருமனுக்கே இருக்கும் சின்ன ஓட்டை, சுற்றிலும் சிராய்ப்பு வளையம். பெரிதாகக் கிழிவது, வெளியேறினால், வெளியேறும் பக்கம்தான். ரத்தத்தில் நிறைய உள்ளேயே தங்கிவிடும். முதுகில் இருக்க வேண்டிய காயத்தை சினிமா நெஞ்சில் வைத்துக் காட்டுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதையே பார்த்துப் பழகிய நமக்கு அதுதான் உண்மை. சின்ன ஓட்டையைக் காட்டினால் "என்னப்பா, ரத்தமே வரல" என்போம்.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்பதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. 1934-லிருந்து அமெரிக்கப் படங்களைக் கட்டுப்படுத்திய ஹேஸ் விதிகளின் காலத்தில், சுடுபவர் ஒரு ஷாட்டில் சுடுவார், வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போனால் சுடப்பட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வார். சட்டை கசங்காது. நம் ஊர்ப் பழைய படங்களும் அப்படித்தான். நாயகனுக்கு எப்போதும் கையில்தான் குண்டு படும், நாயகி முந்தானையைக் கிழித்துக் கட்டுவார், பாட்டு வரும். 1967-இல் ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் கிளைட்' அதை உடைத்தது. கடைசிக் காட்சியில் இரண்டு பேர் உடம்பிலும் காரிலும் வெடிகளைக் கட்டி, வெவ்வேறு வேகத்தில் ஓடிய கேமராக்களை வைத்து எடுத்தார்கள். கதாநாயகி ஃபே டனவே காரிலிருந்து பாதி வெளியே தொங்கித் துடிக்க வேண்டும், ஆனால் கீழே விழுந்துவிடக் கூடாது. அதற்காக அவருடைய காலை கியர் கம்பியோடு கட்டி வைத்தார்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த தந்திரம் இதுதான். வெடிக்குக் கிடைத்த புகழ் அந்தக் கயிற்றுக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து வந்த 'காட்ஃபாதர்' படத்தில் சுங்கச்சாவடிக் காட்சிக்கு ஜேம்ஸ் கானின் உடம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகள் கட்டப்பட்டன. அதைவிட என்னை அசத்தியது அதே படத்தில் ஒருவர் மசாஜ் மேசையில் படுத்திருக்கும்போது கண்ணில் சுடப்படும் காட்சி. அந்த மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்றில் அழுத்தப்பட்ட காற்றும் ஒரு சின்ன உருண்டையும், மற்றதில் ரத்தம். காற்று உருண்டையைத் தள்ள, கண்ணாடி உள்ளேயிருந்து வெளியே உடைகிறது, பின்னாலேயே ரத்தம். கவனித்துப் பாருங்கள், கண்ணாடிச் சில் வெளிப்பக்கம்தான் தெறிக்கும். வெளியிலிருந்து குண்டு வந்தால் அப்படியா தெறிக்கும்? ஒரு விநாடிகூட நமக்குத் தோன்றுவதில்லை.

சுடப்பட்டவர் பின்னால் பறந்துபோய்ச் சுவரில் மோதுவதும் இதே வகைதான். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி). சாதாரணக் கைத்துப்பாக்கிக் குண்டு 8 கிராம், வேகம் விநாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 70 கிலோ மனிதரின் உடம்பில் அப்படியே தங்கினால் அவருக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர். பஸ்ஸில் பின்னால் நிற்பவர் இடிப்பது இதைவிட அதிகம். சுடுகிறவரின் கைக்கும் ஏறக்குறைய அதே உதை உண்டு, அவர் பறப்பதில்லையே. நிஜத்தில் பலர் அப்படியே மடிந்து உட்கார்கிறார்கள், சிலர் கொஞ்ச தூரம் நடக்கக்கூடச் செய்கிறார்கள். பறப்பதெல்லாம் ரோப் கட்டி இழுப்பதுதான்.

அதே 1967-இல், ஜனவரி 12 அன்று, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்த இருவர். குண்டு கழுத்தில் பாய்ந்தது, எம்.ஜி.ஆரின் குரலே அதற்குப் பிறகு மாறிப்போனது. சில வாரங்களில் வந்த தேர்தலில், மருத்துவமனைப் படுக்கையில் கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் ஊரெங்கும் சுவரொட்டியானது. பரங்கிமலைத் தொகுதியில் பிரச்சாரத்துக்குப் போகாமலே ஜெயித்தார். தமிழ்நாட்டில் மிக அதிகம் பேர் பார்த்த குண்டுக் காயம் அதுவாகத்தான் இருக்கும். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, வெள்ளைத் துணி மட்டும். இதை அக்காவிடம் சொல்லி, "ரத்தம் வேண்டாம், அடுத்த காட்சியில் கட்டு மட்டும் காட்டலாமா" என்று கேட்டேன். "வாத்தியார் செத்துப்போயிடுறார்டா" என்றார். அதுவும் சரி.

வெடி எங்களுக்கு முதல் நாளே தள்ளுபடி. உரிமம் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும், அண்ணனுக்கு வயது 58. ஆனால் குழுவில் ஒரு தம்பி சிவகாசிப் பக்கத்துக்காரன், அடங்கவில்லை. "அண்ணே, ஒரு ஊசி வெடி போதும்ணே" என்று தன் தலையணையையே தியாகம் செய்து, அதற்குச் சட்டை மாட்டி, ஒரு மத்தியானம் காட்டினான். திரி எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் காதைப் பொத்தியபடி நின்றதுதான் மிச்சம். வெடித்தது. ஓட்டையும் விழுந்தது, ஓரம் கருகி. பிறகு அரை மணி நேரம் கழித்துப் பஞ்சுக்குள்ளிருந்து புகை வந்தது. தலையணையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தோம். அதற்குள்ளே இருந்தது அண்ணனாக இருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெடி இல்லையென்றால் பை. அந்தத் தந்திரம் ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் 1560-களில் நடிக்கப்பட்ட ஒரு நாடகத்தின் குறிப்பிலேயே, குத்துப்படுகிறவரிடம் வினிகர் நிரப்பிய சின்னத் தோல் பையைக் குத்து என்று இருக்கிறது. இன்று அந்தப் பைக்குப் பதில் ஆணுறை. உலகம் முழுக்க சினிமாக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: மெல்லிசு, ஒழுகாது, அழுத்தினால் சட்டென்று கிழியும். நானும் மருந்துக்கடைக்குப் போய் மூன்று டஜன் கேட்டேன். கூட வந்த தம்பி, உதவுவதாக நினைத்துக்கொண்டு, "எண்ணெய்ப் பசை இல்லாததா குடுங்க சார், கலர் ஒட்டாது" என்றான். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கடைப் பக்கம் போனால் என்னைத் தனியாக ஒரு பார்வை பார்ப்பார்.

பை வேலை செய்தது, பாதி. அண்ணன் நெஞ்சில் கையை அறைந்து பையை உடைக்க வேண்டும். பார்ப்பவருக்குக் கை போவதுதான் தெரியும். தன் நெஞ்சில் தானே தக்காளியை நசுக்கிக்கொள்வது போல இருந்தது. கை படாமல் ரத்தம் வந்தால்தான் குண்டு. கை அதற்குப் பிறகு போக வேண்டும்.

தீர்வு ஒரு ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து வந்தது. பாம் பாம் என்று அழுத்தும் ரப்பர் ஹாரன். அந்த ரப்பர் குமிழை மட்டும் புதுப்பேட்டையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். அதன் வாயில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். குமிழ் அண்ணனின் இடது கக்கத்தில். டியூப் பனியனோடு தைக்கப்பட்டு நெஞ்சுக்கு வந்து, வெளியே பார்த்தபடி முடிகிறது. டியூபின் கடைசிப் பகுதியில் மட்டும் ரத்தம், குமிழில் வெறும் காற்று. கையை உடம்போடு இறுக்கினால் காற்று ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு சீறும். ரத்தம் முன்கூட்டியே ஒழுகாமல் இருக்க டியூப் வாயில் பட்டாணி அளவு வாசலின். இதையே காற்றழுத்த சிலிண்டர் வைத்து வெளிநாட்டுப் படங்களில் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

சட்டையும் ஒத்துழைக்க வேண்டும். பாலியஸ்டர் கிழியாது, பருத்தி வேண்டும். டியூப் வாய் வரும் இடத்தில் உள்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்து மெலிசாக்கி, பிளேடால் நட்சத்திரம் போலக் கீறி, நாலைந்து இழைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். பிறகு உள்ளேயிருந்தே ஒரு துளி மைதாப் பசை. வெளியிலிருந்து பார்த்தால் புதுச் சட்டை. லேசாகத் தள்ளினால் திறந்துவிடும். ஒரு காட்சிக்கு ஒரு சட்டை. பாண்டி பஜார் நடைபாதையில் ஒரே மாதிரி ஏழு வெள்ளைச் சட்டைகள் வாங்கினேன்.

ரத்தம் எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். மனித உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது என்று அரை லிட்டரில் ஆரம்பித்தேன். அது கோயில் அபிஷேகம் மாதிரி இருந்தது. 30 மில்லி போதும். முதலில் ஒரு கைப்பிடி வட்டம், அப்புறம் துணியே அதைப் பரப்பிக்கொள்ளும். அந்த மெதுவான பரவல்தான் கூடத்தில் இருப்பவர்களை மூச்சு விடாமல் வைத்திருக்கும். விளக்கு வேலை செய்தவர், சாவு என்றதும் சிவப்பு விளக்கைப் போடலாம் என்று ஆசைப்பட்டார். போட்டதும் ரத்தம் காணாமல் போய்விட்டது. சிவப்பு ஒளியில் வெள்ளைச் சட்டையும் சிவப்பு ரத்தமும் ஒன்றுதான். நீல ஒளியில் அது கறுப்பு மை. கடைசியில் மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை விளக்கில் நின்றோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒத்திகையில் அது படுமோசமாக இருந்தது. சத்தம் வருகிறது, அண்ணன் கேட்கிறார், கையை இறுக்குகிறார், காற்று போகிறது, ரத்தம் வருகிறது. அரை விநாடிதான். ஆனால் அந்த அரை விநாடியில் எல்லாம் பொய்யாகிவிட்டது. சத்தத்தை ஸ்பீக்கரில் விடும் தம்பியை முன்கூட்டி விடச் சொன்னோம், சுடுகிறவரைத் தாமதமாகக் கையை நீட்டச் சொன்னோம். மூன்று பேரும் மூன்று தாளத்தில்.

அப்போதுதான் அரிசி ஆலை ஃபைட்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எப்போது சுண்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது. சினிமாவில் விசை வேறொருவர் கையில். இங்கே விசை அண்ணனின் கக்கத்தில் இருக்கிறது. அப்புறம் ஏன் அவர் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும்? தலைகீழாக மாற்றினோம். வாத்தியார் தன் கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லை முடித்து, மூச்சை இழுப்பார். அந்த மூச்சுதான் சைகை. மூச்சு முடிகிற இடத்தில் அவர் கையை இறுக்குவார். சுடுகிறவரும் ஒலித் தம்பியும் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; தோள் இறங்கினால் சத்தம். சாகிறவர்தான் எப்போது சாவது என்று தீர்மானிக்கிறார். சுடுகிறவர் பின்பாட்டு. மேடைச் சண்டை சொல்லித்தருகிறவர்களுக்கு இது பாலபாடமாம்: அடி வாங்குகிறவர் கையில்தான் அடியின் கட்டுப்பாடு இருக்க வேண்டும், மயிரைப் பிடித்து இழுப்பதுகூட இழுக்கப்படுகிறவரே நகர்வதுதான். எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

முதல் முறை சரியாக அமைந்தபோது மாடியில் யாரும் பேசவில்லை. அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரி. அந்தக் குனிந்த பார்வையை அக்கா அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். அலறல், பிடித்துக்கொண்டு சுழல்வது எல்லாம் போயிற்று. பார்க்கிறார், உட்காருகிறார், சாய்கிறார். என் ஹாரனை விட அந்தப் பார்வைதான் அரங்கத்தில் வேலை செய்தது. சொல்வதற்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

துப்பாக்கி, தீபாவளி ரோல் கேப் துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்தது. உள்ளே கேப்கூட இல்லை. அப்படியிருந்தும் அது அண்ணனை நேராகப் பார்க்கக் கூடாது, ஒரு அடி தள்ளித்தான் குறி என்று விதி போட்டேன். பார்வையாளர் கோணத்தில் வித்தியாசம் தெரியாது. தம்பிகள் சிரித்தார்கள். பிராண்டன் லீயைப் பற்றிச் சொன்னேன். 1993 மார்ச் 31, வட கரோலினாவில் வில்மிங்டன். படத்தில் அவர் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்; எதிரே இருப்பவர் சுடுவார்; பைக்குள் வைத்த வெடி வெடிக்கும். துப்பாக்கியில் போட்டது சத்தத்துக்கான வெற்றுத் தோட்டா. ஆனால் முன்பு வேறு ஷாட்டுக்குப் போட்டிருந்த போலித் தோட்டாவின் முனை குழலிலேயே சிக்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வெற்றுத் தோட்டா அதைத் தள்ளிவிட்டது. பொய்க் குண்டு வெடிக்க வேண்டிய அதே நொடியில் நிஜக் குண்டு பாய்ந்தது. அவர் விழுந்ததைச் சுற்றியிருந்தவர்கள் நடிப்பு என்றே நினைத்தார்கள். வயது 28. ப்ரூஸ் லீயின் மகன் என்றதும் தம்பிகளுக்குச் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு 2021-இல் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தபோது, அந்த இரவு குழுவின் வாட்ஸாப்பில் முதலில் வந்த செய்தி சிவகாசித் தம்பியிடமிருந்து: "அண்ணே, ஒரு அடி தள்ளி."

இப்போது சினிமாவில் நிறைய ரத்தம் கணினியில் போடுவதுதான். 2007-இல் டேவிட் ஃபின்ச்சர் 'ஸோடியாக்' எடுத்தபோதே, ஒவ்வொரு டேக்குக்கும் நடிகரைக் கழுவி உடை மாற்றும் நேரம் வீண் என்று ரத்தத்தைப் பிறகு வரைந்துகொண்டார். நியாயமான காரணம், யாருக்கும் சுண்டு விழாது. ஆனால் வரைந்த ரத்தம் பெரும்பாலும் காற்றில் பனி மாதிரி தூவிவிட்டு மறைந்துவிடுகிறது. துணி அதைக் குடிப்பதில்லை. நடிகரும் தன் சட்டையைக் குனிந்து பார்ப்பதில்லை, பார்க்க அங்கே ஒன்றும் இல்லையே.

நாடகம் ஏப்ரலில் ஆறு முறை நடந்தது. ஐந்து முறை ரத்தம் சரியான நேரத்தில் வந்தது. மூன்றாவது முறை மட்டும் அண்ணன் இரண்டாம் காட்சியில் ஒரு மாணவனைக் கட்டிப்பிடித்துவிட்டார். வழக்கமாகத் தோளில் தட்டுவார், அன்று உணர்ச்சி. ஒரு துளி வெளியே வந்தது. அடுத்த பத்து நிமிடமும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். மறுநாள் ஒருவர், வாத்தியார் சாவதற்கு முன் புத்தகத்தை அணைத்துக்கொள்ளும் குறியீடு அருமை என்று முகநூலில் எழுதியிருந்தார். நாங்கள் அதற்கு விருப்பம் போட்டோம்.

அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம். கடைசிக் காட்சி முடிந்து இரவு பதினோரு மணிக்குத் திரும்பும்போது பணம் தேடும் பறக்கும் படை எங்கள் வேனை நிறுத்தியது. என் பையைத் திறந்த காவலர் முதலில் ரத்தம் தோய்ந்த சட்டையை எடுத்தார். பிறகு துப்பாக்கி. பிறகு மிச்சமிருந்த ஆணுறைகள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணன்தான் இறங்கி வந்து, "சார், செத்தது நான்தான்" என்றார். அந்தக் காவலர் சட்டையை மோந்து பார்த்தார். "இனிப்பு வாசனை வருதே" என்று சிரித்துவிட்டு, ஆனாலும் எங்களை இருபது நிமிடம் நிற்க வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் விட்டார். போகும்போது, அடுத்த நாடகம் எப்போது என்று கேட்டார்.

ஏழு சட்டைகளில் ஆறுதான் செலவானது. மிச்சம் ஒன்று பீரோவில் கிடந்தது, நானும் மறந்துபோனேன். அடுத்த வருடம் காஞ்சிபுரத்தில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பும்போது கையில் அகப்பட்டது அதுதான். வெள்ளை, புத்தம் புதுசு, தேய்த்த மடிப்பு. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற மாமாவிடம் இலையைக் காட்ட முன்னால் குனிந்து கையை நீட்டினேன். இடது தோளுக்குக் கீழே, சத்தமே இல்லாமல், நட்சத்திரம் போலத் திறந்துகொண்டது.